சாவகச்சேரிச் சித்திரையும் ஐயா நட்ட தென்னம்பிள்ளைகளும்

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆண்டொன்றில் இரண்டு புத்தாண்டுகள் வரும். ஒன்று சனவரி முதலாந் திகதி, மற்றையது சித்திரை. இரண்டிற்கும் சிறப்பு மலர் உண்டு. இரண்டிற்கும் யாராவது ஒருவர் கட்டுரை எழுதித் தந்தாக வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் நானாகவே இருந்து வந்திருக்கிறேன். சனவரி மலருக்கு, "இவ்வாண்டில் நாம் செய்ய வேண்டியவை" என்ற வகையில் ஒரு பட்டியல்: அதிகாலையில் எழுதல், கடன் தவிர்த்தல், பிள்ளைகளுடன் நேரம் செலவிடுதல். சித்திரை மலருக்கு மருத்துநீர், கைவிசேடம், போர்த்தேங்காய் பற்றிய நினைவுகள். பட்டியலில் எழுதியவற்றுள் ஒன்றையேனும் எழுதியவன் ஒழுங்காகச் செய்ததில்லை என்பதை வாசகர்களிடம் இன்று ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இந்த இரண்டு மலர்களையும் நான் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. இம்முறை பார்க்க நேர்ந்தது. அதற்குக் காரணம், சாவகச்சேரியில் எங்கள் வளவில் நிற்கும் சில தென்னைகள்.

முதலில் சனவரியின் கதை. கி.மு. 45இல் யூலியஸ் சீசரின் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தபோது சனவரி முதலாந் திகதியே ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. முன்னும் பின்னும் பார்க்கும் இருமுகக் கடவுளான யானசின் பெயரால் அமைந்த மாதம் அது. புத்தாண்டில் மனச்சாட்சியைச் சோதித்து வாக்குறுதி அளிக்கும் வழக்கத்திற்குச் சமய முகமும் உண்டு. மெதடிஸ்த சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி 1755இல் உடன்படிக்கை வழிபாட்டைத் தொடக்கினார். பிற்காலத்தில் அது புத்தாண்டையொட்டி நடைபெறும் வழிபாடாக நிலைபெற்றது. வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தனர். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். பழைய ஆண்டின் பிழைகளை எண்ணி வருந்திப் புதிய ஆண்டிற்கு வாக்குக் கொடுக்கும் பழக்கம் இவ்வழிகளிலும் எம்மவரை வந்தடைந்தது. அதன் சமயப் பகுதி கழன்றுபோக, எஞ்சி நின்றதே பத்திரிகைப் பட்டியல்.

சித்திரையின் முறை வேறு. சூரியன் மேட இராசியில் புகும் நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கங்களும் இரண்டு. வாக்கியம் கொக்குவிலில் இருந்து வருவது. திருக்கணிதம் எங்கள் தென்மராட்சியின் மட்டுவிலில் இருந்து வருவது. இரண்டும் குறிக்கும் நேரங்கள் ஒன்றாக இருப்பது அரிது. எங்கள் வீட்டில் ஐயா திருக்கணிதம், அம்மம்மா வாக்கியம். ஆகவே சிறுவர்களாகிய எங்கள் தலையில் இரண்டு தடவை மருத்துநீர் வைக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை, உடுப்பிற்கு ஒரு நிறம், ஒவ்வோர் இராசிக்கும் இவ்வளவு ஆதாயம், இவ்வளவு விரயம் என எல்லாவற்றையும் பஞ்சாங்கம் வகுத்துத் தரும். ஆனால் எவரிடமும் அது வாக்குறுதி கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றேதான்: குறித்த நல்ல நேரத்தில் உன் தொழிலைக் கொஞ்சமேனும் தொடங்கு. கமக்காரன் ஏர் பூட்டி இரண்டு சால் உழுவான். வியாபாரி புதுக்கணக்குத் திறப்பான். பள்ளிப் பிள்ளை கொப்பியில் நாலு வரி எழுதும். வீட்டிலுள்ள எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கையால் செய்யப்படும் ஒரு சிறு தொடக்கம் அது. அதன்பின் பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேடம். அதன்பின் விளையாட்டு.

விளையாட்டைப் பற்றிச் சொல்லுமுன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியில் இருந்த தாமிரலிங்க அரசின் மன்னன் சந்திரபானு 1247ஆம் ஆண்டளவில் இலங்கை மீது படையெடுத்தான். அவனுடைய சாவகப் படையினர் தங்கிய சேரியே சாவகச்சேரி ஆயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658இல் அவர்களுடன் வந்த பால்தேயு பாதிரியார், 1672இல் ஆம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட தமது நூலில் சாவகச்சேரி, கச்சாய், வரணி, நாவற்குழி ஆகிய ஊர்களின் தேவாலயங்களைக் குறிப்பிடுகிறார். இன்று ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் செல்லும் பயணிக்குச் சாவகச்சேரி என்றால் சந்தை. மாம்பழம், பலாப்பழம், தேங்காய், மட்டுவில் கத்தரிக்காய் என அச்சந்தையில் குவிவன யாவும் தென்மராட்சியின் மணல் நிலத்தின் பேறுகள்.

எங்கள் புத்தாண்டு உண்மையில் பங்குனியிலேயே தொடங்கிவிடும். பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்வோம். பானை, அரிசி, விறகு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிச் சென்று, கோயில் சூழலிலே அடுப்பு மூட்டிப் பொங்கி, கறி சமைத்து, மரநிழலில் இருந்து உண்போம். அயல் அடுப்புக்காரர் யாரென்று தெரியாமலே அவர்களுடைய கறியும் எங்கள் இலைக்கு வரும்.

சித்திரைக்கு ஊஞ்சல், கிளித்தட்டு, வண்டிச் சவாரி ஆகியன உண்டு. ஆயினும் தேங்காய் நாட்டிற்கு உரிய விளையாட்டு போர்த்தேங்காய்தான். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்காக அதன் முறையைச் சொல்லி வைக்கிறேன். அளவிற் சிறியதாய், சிரட்டை தடித்ததாய் உள்ள தேங்காய்களைப் பல வாரங்களுக்கு முன்பே தேர்ந்து உரித்து வைப்பார்கள். ஒருவர் தமது தேங்காயை நிலத்தில் வைப்பார். எதிராளி தமது தேங்காயைக் கையிற் பிடித்து அதன்மேல் அடிப்பார். அடுத்த முறை, அடித்தவரின் தேங்காய் நிலத்திற்கு வரும். எது உடைகிறதோ அது தோற்றது. உடைந்த தேங்காய் வென்றவருக்குச் சேரும். மாலையில் அது சம்பலாகும். ஆகவே தோற்றவர் வீட்டிலும் பசி இல்லை. பேரனும் பாட்டனும் எதிரெதிரே குந்தியிருந்து சமமாக ஆடக்கூடிய விளையாட்டு இதைப்போல் வேறொன்றை நான் கண்டதில்லை. வலிமையைக் காட்டிலும் தேங்காயைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும், தட்டிப் பார்த்து ஓசை அறியும் காதுமே இதில் வெல்லும்.

இதனை யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தேன். பல்கலைக்கழகக் காலத்தில் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினித் தெய்வ வழிபாடு பற்றிய பெருநூலைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. சிங்களக் கிராமங்களிலும் ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து தேங்காயால் தேங்காயை அடித்து உடைக்கிறார்கள். அங்கே அதன் பெயர் போர பொல். நமது 'போர்' என்ற சொல் அப்பெயரிலேயே ஒலிக்கிறது. பத்தினி தெய்வத்தின் பொருட்டு நடைபெறும் சடங்கு விளையாட்டு அது. பத்தினி என்பவள் நமது கண்ணகி. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டுடன் சேர்ந்த கொம்பு முறித்தலும் இவ்வகையினதே. பங்குனியில் நாங்கள் பொங்கச் செல்லும் பன்றித்தலைச்சியும் கண்ணகை அம்மனே. இரு பக்கமாய் நின்று மோதி, ஒரு பக்கம் தோற்று, பின்னர் எல்லோரும் கூடி உண்ணும் ஒரு முறையை இந்நாட்டின் இரு மொழியினரும் பகிர்ந்தே வந்திருக்கிறார்கள். மெய்யான போர் வந்தபோது அந்த முறை எவருக்கும் நினைவில் இல்லை.

1990 யூன் 13ஆந் திகதியுடன் யாழ்தேவி நின்றது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் பலகாரப் பெட்டியும் புத்தாடையுமாய்ச் சாவகச்சேரி நிலையத்தில் வந்திறங்கும் காட்சியும் அத்துடன் போயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஏழு குடும்பங்கள் இருந்தன. 1996ஆம் ஆண்டின் சித்திரைப் பிறப்பன்று அந்த ஏழு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஐயா கைவிசேடம் கொடுத்தார், ஆளுக்கு ஒரு ரூபா. அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 19ஆந் திகதி, தென்மராட்சி மீதான இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வந்தவர்களுட் சிலர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குப் போயினர். ஏனையோர் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினர்.

2000ஆம் ஆண்டு சித்திரையை ஆனையிறவிலிருந்து வந்த வெடியோசையுடன் கொண்டாடினோம். ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதத்தில் போர் எங்கள் முற்றத்திற்கு வந்தது. உடுத்த உடையுடன் வெளியேறினோம். அவ்வாண்டின் சமர்களில் சாவகச்சேரி நகரம் கற்குவியலாயிற்று.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்ரல் 8இல் ஏ-9 பாதை திறந்தது. அதற்கு அடுத்த வாரம் பிறந்த ஆண்டின் பெயர் சித்திரபானு. சந்திரபானுவின் ஊருக்குச் சித்திரபானுவில் திரும்புகிறோம் என்று நான் சொன்ன பகிடிக்கு ஐயா சிரிக்கவில்லை. அவர் வளவையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டிற்குக் கூரை இல்லை. நாற்பதுக்கு மேற்பட்ட தென்னைகள் தலையற்று நின்றன. மாமரம் கிளை முறிந்தாலும் துளிர்க்கும். தென்னைக்கு இருப்பது ஒரேயொரு குருத்து. அது போனால் மரமே போயிற்று. நின்றவை மரங்களல்ல, கம்பங்கள்.

புத்தாண்டன்று ஐயா எங்கிருந்தோ பத்துத் தென்னம்பிள்ளைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சித்திரை வெயிலில் எவரும் தென்னம்பிள்ளை நடுவதில்லை. அதற்குரிய காலம் மாரி. அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்தார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. நான் பொறுமை இழந்து, "ஐயா, இது காய்க்க ஆறேழு வருசம் செல்லும். வீட்டுக்குக் கூரையைப் போடுவம்" என்றேன். அவர் குழியிலிருந்து நிமிராமலே, "நான் குடிக்கிறதுக்கெண்டே வைக்கிறன்? ஆர் குடிச்சால் என்ன, மரம் நிண்டால் காணும்" என்றார். மாரி வரும்வரை நாள்தோறும் கிணற்றில் அள்ளி, வாளியில் சுமந்து தண்ணீர் ஊற்றினார். பத்தில் ஏழு பிழைத்தன.

2006 ஓகஸ்ட் 11இல் பாதை மீண்டும் மூடப்பட்டது. நான் கொழும்பில் பணியில் இருந்தேன். 2007இல் ஐயா காலமானார். பயண அனுமதி கிடைத்து நான் வீடு வந்து சேர்ந்தது அந்தியேட்டிக்கு. அன்றுதான் கவனித்தேன், ஏழில் இரண்டு பாளை விட்டிருந்தன.

சென்ற ஆண்டு சித்திரைக்கு ரொறன்ரோவிலிருந்து தம்பியின் குடும்பம் வந்தது. வளவை விற்பது பற்றிக் கதைப்பதே வரவின் முதன்மை நோக்கம். சகோதரர் நால்வர்; ஊரில் இருப்பவன் நான் ஒருவன்; பராமரிப்பவர் இல்லை என்பது நியாயமான வாதமே. நானும் தலையாட்டியிருந்தேன். புத்தாண்டன்று பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. ஐயாவின் மரத்துத் தேங்காய்களில் சிலவற்றை உரித்துப் போர்த்தேங்காய் அடிக்கக் காட்டிக் கொடுத்தேன். பதினொரு வயதான தம்பியின் மகள் என்னை மூன்று முறை தோற்கடித்தாள். வென்ற தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியப்பா, இந்த மரத்தை ஆர் வைச்சது?" என்று கேட்டாள். சொன்னேன். அவர் அதில் இளநீர் குடித்தாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை விற்பனைப் பேச்சை எவரும் எடுக்கவில்லை. அது முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த சித்திரைக்குத் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே. அந்தச் சித்திரை இதோ வருகிறது.

ஐயா தம் வாழ்நாளில் எந்தப் புத்தாண்டுத் தீர்மானமும் எழுதியவரல்லர். நான் எழுதிய பட்டியல்கள் எத்தனையென்று எனக்கே தெரியாது. வித்தியாசம் எங்கே என்று இப்போது விளங்குகிறது. பட்டியல், ஆண்டு முழுவதையும் ஒரு நாளிலே வாங்கப் பார்க்கிறது. சித்திரை கேட்பது ஒரு நாழிகை வேலை, அதையும் வீட்டார் முன்னிலையில். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கிய வேலையைக் கைவிடுவது கடினம். நாளைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு எனக்குப் பட்டியல் இல்லை. ஒரு வேலை மட்டும் உண்டு. சித்திரையில் நட வேண்டிய பிள்ளைக்கு முந்திய ஆவணியிலேயே தேங்காய் பதித்தாக வேண்டும் என்பதை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன். ஐயாவின் மரமொன்றில் முற்றிய நெற்றுகளில் ஐந்தைத் தேர்ந்து, கிணற்றடியில் மணலிற் பதித்தேன். நான்கு முளைத்திருக்கின்றன. சகோதரர் நால்வருக்கும் ஆளுக்கொன்று. நல்ல நேரத்தில் பிள்ளைகள் நடட்டும். கைவிசேடத்தை அதன் பிறகு கொடுப்போம். வளவு பற்றிய பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

எந்தப் பஞ்சாங்கத்தின் நேரம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

வாசகர்கள் அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.