கல்லூரியும் கிணறும்: அருட்தந்தை பியர் செராக்

தமிழகத்தில் மறைப்பணி ஆற்ற வந்த ஐரோப்பியத் துறவிகளைப் பற்றி எழுதுவோர் கோவில் கட்டியவர், பள்ளி கட்டியவர், நூல் எழுதியவர் என்று வகை பிரிப்பது வழக்கம். அருட்தந்தை பியர் செராக் இந்த வகைகளுள் அடங்குவதில்லை. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் நீண்ட அவருடைய பணி வாழ்வில் ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்பச் செயலாகியது. படித்த இளைஞனை ஏழையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதே அது. மாணவர் பணி ஒன்று, ஏழையர் பணி மற்றொன்று என்று அவரைப் பற்றிய குறிப்புகளில் தனித்தனியே எழுதப்படுவதுண்டு. என் கணிப்பில் அவை இரண்டும் ஒரே பணிதான்.

தென்மேற்குப் பிரான்சின் கொரேஸ் பகுதியில், மெசாக் என்னும் சிற்றூரில் 1914 பிப்ரவரி 4 அன்று பிறந்தார். 1931இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1937இல், இருபத்து மூன்று வயதில், இந்தியா வந்தார். மூடிக் கிடந்த மதுரை மறைப்பணித் தளத்தை மீண்டும் திறக்கப் பிரெஞ்சு இயேசு சபையினர் புறப்பட்டு வந்து அப்போது சரியாக நூறாண்டு ஆகியிருந்தது. இங்கே தமிழும் வடமொழியும் கற்றார். 1945இல் குருவானார். அவருடைய சகோதரர் பிரான்சுவா பின்னாளில் பிரெஞ்சுத் தொழிலதிபர் கூட்டமைப்பின் தலைவரானார். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் பாரிசில் முதலாளிகளுக்காகப் பேசினார். மற்றவர் மானாமதுரைப் பக்கம் வானம் பார்த்த நிலத்தில் கூலிகளோடு நின்றார்.

1952இல் ஐக்கஃப் எனப்படும் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தேசிய ஆன்ம வழிகாட்டியாக நியமிக்கப்பட்டார். 1924இல் சென்னையில் தோன்றிய அமைப்பு அது. விடுதலை பெற்ற நாட்டில் அன்று கல்லூரிப் பட்டம் என்பது அரசு உத்தியோகத்துக்கான நுழைவுச்சீட்டு. பட்டம் பெற்ற பிள்ளை ஊரைவிட்டுப் போவதே பெற்றோரின் கனவாக இருந்தது. செராக் அந்தப் பிள்ளைகளைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் பணி முகாம்களுக்கு அழைத்துப் போனார். மண் சுமந்தார்கள், வீடு கட்டினார்கள். அங்கே மாணவன் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம் என்பது என் எண்ணம். 1970இல் பூந்தமல்லியில் கூடிய ஐக்கஃப் மாணவர்கள் நீதியுள்ள புதிய சமுதாயத்தைப் படைக்க உழைப்போம் என்று பிரகடனம் செய்தார்கள். ஜெபமாலைச் சங்கமாகவே முடிந்துபோயிருக்கக்கூடிய ஓர் அமைப்பு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் செராக்கின் பங்கு பெரிது.

1960களின் வறட்சிக்குப் பிறகு அவர் தொடங்கிய ஆயிரம் கிணறுகள் திட்டம் நம் பக்கத்து வாசகருக்கு உடனே விளங்கும். கள்ளக்குறிச்சிச் சீமையில் கிணறு வெட்டுவது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் காரியம். மண்ணைத் தாண்டிப் பாறை வரும். தமர் அடித்து வெடி வைக்க வேண்டும். ஊற்றுக்கண் திறக்காவிட்டால் கடன் மட்டுமே மிஞ்சும். அந்தச் சூதாட்டத்தைச் சிறு விவசாயி தனியாக ஆட விடாமல், பிரான்சில் திரட்டிய உதவியை அந்தக் குழிகளுக்குள் இறக்கினார் செராக். ஆனால் கிணறு நிலமுள்ளவனுக்குத்தானே? நிலமற்றவனுக்கு என்ன வழி? மானாமதுரையில் அவர் உருவாக்கிய கூட்டுப்பண்ணையை அந்தக் கேள்விக்கான விடையாகவே நான் பார்க்கிறேன். கடத்துக்குப் பெயர்போன அந்த வைகைக்கரை ஊரும், தென்பெண்ணைக் கரையிலுள்ள நம் மணலூர்பேட்டையும் ஒரே துன்பத்தை அறிந்தவை. மணல் விரிந்து கிடக்கும் ஆறு, அதில் ஆண்டின் சில நாள்களுக்கே தண்ணீர்.

1980இல், அறுபத்தாறு வயதில், ஓய்வுக்குத் தயாராக வேண்டிய காலத்தில், தாய்லாந்து எல்லையிலிருந்த கம்போடிய அகதி முகாம்களுக்குப் போனார். இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே அகதிகளுக்கான பணியை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தார். ஜான் பிங்ஹாம், நோயல் ஆலிவர் என்னும் இயேசு சபையினரும் அந்தப் பணியில் உடன் இருந்தார்கள். போல் பாட் ஆட்சியில் உறவுகளைப் பறிகொடுத்து வந்த மக்களிடையே பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பிறகு லொயோலா கல்லூரி வளாகத்தில் தங்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களுக்காகவும் தொழுநோயாளர்களுக்காகவும் உழைத்தார். 2012 மே 30 அன்று, தொண்ணூற்றெட்டு வயதில், சென்னையிலேயே மறைந்தார்.

அவர் பெயரை இந்த மலரில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. அரசு அதைக் கையகப்படுத்தி அரை நூற்றாண்டு ஆகப்போகும் நிலையில், மலைவாழ் மக்களின் நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்கு எடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப் போகும் தரகர்களின் வலையில் மலையின் இளைஞர்கள் விழும் செய்தியும் ஓய்ந்தபாடில்லை. இத்தனைக்கும் நடுவில் மாவட்டத்தில் பட்டதாரிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பட்டதாரிகளுக்கும் கருணாபுரத்துத் தெருக்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்க நம்மிடம் ஏற்பாடு ஏதும் இல்லை. நிதி கேட்டு நாம் அரசிடம் போகிறோம், அது தேவைதான். ஆனால் நம் பிள்ளைகளின் விடுமுறையை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நம் பங்குகளும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு முகாமையாவது மலைமேல் நடத்தட்டும். மாணவர்கள் அங்கே மேடை போட்டுப் பேச வேண்டாம். மலைவாழ் மக்களின் வீடுகளில் தங்கி, அவர்களோடு உண்டு, சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அவர்கள் எழுதும் மனுக்களில் உடன் நின்று திரும்பட்டும். செராக்கின் நினைவைப் போற்ற விரும்பும் அன்பர்கள் சிலைக்கும் மண்டபத்துக்கும் நன்கொடை கேட்டு வராதீர்கள். இந்த முகாமுக்குப் பெயர் கொடுக்க உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.