விடுபட்ட எண்

முன்பெல்லாம் பிளஸ் டூ முடிவு மாலை நாளிதழில் வரும். பொடி எழுத்தில் பதிவெண்கள்; தேறாதவர் எண் மட்டும் இருக்காது. என் மாணவி ஒருத்தி டீக்கடை வாசலில் பத்தி பத்தியாக விரலை ஓட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஓராண்டு போய்விடும். வசதியுள்ள வீட்டில் ட்யூஷன் வைப்பார்கள். கூலி வீட்டிலோ பையனுக்கு வேலை, பெண்ணுக்குக் கல்யாணம். அந்த அநியாயம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தில், இப்படித் தவறி மனமுடைந்த பிள்ளைகள் அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவர்கள் தன்னார்வலர்கள். புத்தி சொல்ல மாட்டார்கள். காது கொடுத்துக் கேட்பார்கள். அதோடு நிற்காமல், உடனே மறுதேர்வு வேண்டும் என்று அரசிடமும் வாதாடினார்கள். 2000-களின் தொடக்கத்தில் அது வந்தது. அதை எழுதித் தேறி, அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நானே நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.