ரயிலில் பிறந்து, டெலிபோனில் வளர்ந்த ஆட்டம்

கண்ணுக்குத் தெரியாத சொத்தின் அருமை சென்னையை அடுத்த திருநின்றவூருக்கு நன்றாகத் தெரியும். கோயில் கட்டப் பொருள் சேராத பூசலார் நாயனார், இந்த ஊரில்தான் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனை வேறு நாள் பார்க்கச் சொல்லிவிட்டு, பூசலார் குறித்த நாளில் இறைவன் இங்கே வந்தார் என்கிறது பெரியபுராணம். தட்டும் கார்ட்ரிட்ஜும் போட வழியில்லாமல், டவுன்லோடு செய்து மட்டுமே ஆடக்கூடிய கையடக்க கேம் கருவியை வாங்கலாமா என்ற கேள்வியை இந்த ஊரில் நின்று கேட்பது பொருத்தம்தான்.

அந்தக் கருவியின் கையடக்க வம்சத்தில் ஒரு கிளை பிறந்தது ரயிலில். 1970களின் கடைசியில், ஜப்பானின் புல்லட் ரயிலில் பொழுது போகாத ஒரு பயணி கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். அதைக் கவனித்தார் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய். கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியால் எல்சிடி திரை மலிந்திருந்த நேரம் அது. 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. 1989இல் ‘கேம் பாய்’. மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸ், கேம் பாயில் ஏறி உலகம் சுற்றியது.

பின்னாலேயே நகல்கள் கிளம்பின. சீனாவிலிருந்து வந்த ‘பிரிக் கேம்’ 1990களில் நம் திருவிழாக் கடைகள் வரை புகுந்தது. திருநின்றவூரிலிருந்து மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார்; பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள், வெளிநாட்டு எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போனவை. பிரிக் கேம் பெட்டிமேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில ஆட்டங்கள்தாம், வேகத்தை மாற்றி மாற்றிக் கணக்குக் காட்டினார்கள். 1997இல் நோக்கியா போனில் பாம்பு ஆட்டம் புகுந்தது. 2006இல் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா ஆலை திறந்தது, 2014இல் மூடியது.

டவுன்லோடு வம்சம் வளர்ந்தது டெலிபோன் கம்பியில். 1983இல் அமெரிக்காவில் ‘கேம்லைன்’ என்ற சேவை அட்டாரி கருவிக்குத் தொலைபேசி வழியாக ஆட்டங்களை அனுப்பியது. சில தடவை ஆடியதும் மறுபடி காசு கட்ட வேண்டும். சேவை படுத்துவிட்டது; ஆனால் அதை நடத்திய கம்பெனியின் மிச்சத்திலிருந்துதான் பிற்பாடு இணையத்தில் கொடிகட்டிப் பறந்த ஏஓஎல் முளைத்தது. 1986இல் ஜப்பானியக் கடைகளில் வைத்த நிண்டெண்டோ இயந்திரத்தில் 500 யென் கொடுத்தால், பழைய டிஸ்க்கில் புது ஆட்டத்தை எழுதித் தரும்.

இரண்டு வம்சமும் சம்பந்தம் செய்துகொண்டது 2009 அக்டோபரில். சோனியின் ‘பிஎஸ்பி கோ’வில் தட்டு போட இடமே இல்லை, உள்ளேயே 16 ஜிபி நினைவகம். அமெரிக்காவில் தட்டு போடும் பிஎஸ்பி சுமார் 170 டாலர், இது 250 டாலர். பழைய தட்டுகளை வைத்திருந்தவர்களுக்கு அவற்றை மாற்றிக்கொள்ள வழி தரவில்லை. 2011இல் தயாரிப்பு நின்றது. பிஎஸ்பியில் நேரடியாக ஆட்டம் வாங்கும் வசதியையும் பிற்பாடு சோனி நிறுத்தியது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ் கையடக்கக் கருவியின் டவுன்லோடு கடையையும் மூடியது. ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இன்றும் ஆடுகிறார்கள், தம்பிக்குக் கொடுக்கிறார்கள், விற்கிறார்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. பழைய பிஎஸ்பி கோவைச் சேகரிப்புக்காக வாங்கலாம், விளையாடுவதற்காக வாங்க வேண்டாம். புதுக் கருவி என்றால் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கம்பெனி கடையை மூடினாலும், நான் காசு கொடுத்த ஆட்டத்தை என் கையில் எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். முடியாது என்றால் அது வாடகை. வாடகைக்கு உரிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.