விலகிச் சென்ற சகோதரனின் சாட்சி



சில வாரங்களுக்குமுன் ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் எனக்காகக் காத்திருந்தார்கள். வெளியூரில் வேலைபார்க்கும் அவர்களுடைய மகன் சபைக்குச் செல்வதை நிறுத்திவிட்டான். தொலைபேசியில் பேசினாலே வேதத்தைக் குறித்துக் கேள்வி கேட்கிறானாம். "இனி அவனோடு இதைப்பற்றிப் பேசலாமா ஐயா, பேசாமலே விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு ஜெபித்து அனுப்பினேன். இன்று ஒரு பழைய வரலாற்றைக்கொண்டு பதில் சொல்ல விரும்புகிறேன்.

நமது சோளிங்கர் முற்காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைமையிடமாகிய சித்தூரில் 1837-ஆம் ஆண்டு ஓர் ஊழியர் வந்து குடியேறினார். அவர் பெயர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் பல் மருத்துவராக நல்ல வருமானம் பெற்று வந்தவர் அதைத் துறந்தார். எந்தச் சங்கத்தின் சம்பளத்தையும் நாடாமல் 1829-இல் பாக்தாது நகருக்கு மிஷனெரியாகச் சென்றார். 1831-இல் அங்கே பரவிய கொள்ளைநோயில் தம் மனைவி மேரியைப் பறிகொடுத்தார். பின்னர் இந்தியாவுக்கு வந்தார். கிறிஸ்தியான்பேட்டையை நிறுவிய அருளப்பன் அவருடைய சீடர். இன்று நாம் பிரதரன் சபை என்று அழைக்கும் ஐக்கியத்தின் முன்னோடிகளில் குரோவ்ஸும் ஒருவர். அந்நாளில் அது ஒரு சிறு கூட்டம். குருப்பட்டம் பெற்றவர் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்டார்கள்.

பாக்தாதில் குரோவ்ஸுக்குத் துணைபுரிய 1830-இல் ஒரு குழு புறப்பட்டது. அதில் பிரான்சிஸ் நியூமன் என்னும் வாலிபரும் இருந்தார். பிற்காலத்தில் கத்தோலிக்கக் கர்தினாலாக விளங்கிய ஜான் ஹென்றி நியூமனின் தம்பி இவர். ஆக்ஸ்போர்டில் மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். டப்ளின் நகரில் ஜான் நெல்சன் டார்பியைச் சந்தித்து, அவருடைய பக்தியால் முற்றிலும் கவரப்பட்டார்.

பயண வழியில் ஆலெப்போவில் ஓர் இஸ்லாமியத் தச்சரோடு நியூமன் சுவிசேஷத்தைக் குறித்துப் பேசினார். தச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆங்கிலேயருக்குத் தேவன் கப்பல்களையும் பல கைத்திறன்களையும் கொடுத்திருக்கிறார், மெய்யான மார்க்கத்தின் அறிவை மாத்திரம் கொடுக்கவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார். அந்தப் பதில் நியூமனின் உள்ளத்தில் ஆழமாய்ப் பதிந்தது. தாம் பிறர்மேல் இரங்கியதுபோலவே பிறரும் தம்மேல் இரங்கக்கூடும் என்பதை அவர் உணர்ந்தார்.

1833-இல் அவர் ஊழியத்துக்கு ஆள் திரட்டத் தாயகம் திரும்பினார். ஆனால் திரித்துவ உபதேசத்தில் அவர் தடுமாறுகிறார் என்ற பேச்சு அவருக்குமுன்பே அங்கே எட்டியிருந்தது. டார்பி உறவை முறித்துக்கொண்டார். நண்பர்கள் பலர் விலகினார்கள். கேள்விகள் அவரைவிட்டு அகலவில்லை. கேள்விகளோடு அமர்ந்து பேசக்கூடியவர்களே அகன்றுபோனார்கள்.

1850-இல் நியூமன் தம் விசுவாசப் பயணத்தை ஒரு நூலாக எழுதினார். அதற்குள் அவர் நமது அடிப்படை விசுவாசத்தையே விட்டு வெகுதூரம் சென்றிருந்தார். அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. கிறிஸ்துவின் தெய்வீகத்தை மறுத்தது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன். ஆயினும் அந்நூலில் டார்பியை அவர் வர்ணிக்கும் விதம் என்னைத் தலைகுனியச் செய்கிறது. பெயரைச் சொல்லாமல், ஓர் அயர்லாந்துக் குருவானவர் என்றே குறிப்பிடுகிறார். அவர் ஏழைகளின் நடுவே உடல் நலிய உழைத்ததையும், வேத வசனத்தின்படியே வாழ முயன்றதையும் மதிப்போடு பதிவு செய்கிறார். ஏற்க முடியாததை மறைக்காமல் மறுக்கிறார். நன்மையாகக் கண்டதையும் மறைக்கவில்லை. தள்ளப்பட்டவர் தள்ளினவரைக் குறித்து இத்தனை நேர்மையாய் எழுதுவது எளிதல்ல.

குரோவ்ஸின் உள்ளமோ வேறு. 1836-இல் அவர் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்துவின் ஜீவன் ஒருவரிடம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட்டு, நம்முடைய போதனையை அவர் எவ்வளவு அறிந்து ஏற்கிறார் என்று அளக்கத் தொடங்கினால் நம் ஐக்கியம் குறுகிப்போகும் என்பதே அதன் சாரம். 1848-இல் அந்த ஐக்கியம் இரண்டாகப் பிரிந்தபோது அவ்வச்சம் மெய்யாயிற்று.

இது ஏதோ ஒரு சபையாரின் குறை என்று நாம் சொல்லிவிடலாகாது. நம் வீடுகளிலும் கேள்வி கேட்கும் பிள்ளையை "கெட்டுப்போனான்" என்று சொல்லிவிடுகிறோம். யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன தோமா, எட்டு நாளைக்குப்பின் எங்கே இருந்தான்? மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தான். அந்த எட்டு நாளும் அவர்கள் அவனைத் தள்ளிவிடவில்லை. ஆகையால் ஆண்டவர் வந்தபோது அவனும் அங்கே இருந்தான்.

அம்மா, உங்கள் மகனோடு பேசுங்கள். அவன் சொல்வதை முழுமையாய்க் கேளுங்கள். பதில் தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லுங்கள். வீட்டின் கதவு மாத்திரம் திறந்தே இருக்கட்டும். அவனைச் சந்திக்க வேண்டிய ஆண்டவர் பூட்டிய கதவுகளையும் கடந்து வருகிறவர்.

தேவன்தாமே உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.