ஒத்திகை இல்லாமல் வந்தவர்கள்

பெரியகுளம் தென்கரையில் எங்கள் அப்பா ஆர்மோனியம் வாசித்தவர். பங்குனி பிறந்துவிட்டால் வடுகபட்டி, ஜெயமங்கலம், லட்சுமிபுரம் என்று ஊருக்கு ஊர் சாமி கும்பிடு. சாமி கும்பிடு என்றால் நாடகம். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து, பபூன் புதுக்கோட்டையிலிருந்து. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும்.

ஆளாளுக்குத் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பிடிக்கும் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒத்திகை இல்லாமல் இது நடந்ததற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என அவர் எழுதிவைத்த பாட்டும் தர்க்கமும் தென்மாவட்ட நடிகர்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்து. எந்த ஊர் வள்ளியும் எந்த ஊர் முருகனோடும் நின்று வாதாடலாம்.

இன்று சின்னப் படமொன்றில் ஒரே ஒரு காட்சிக்கு வந்து போகும் மூத்த சீரியல் நடிகையை அந்த ஸ்திரீபார்ட்டுகளின் வாரிசாகவே நான் பார்க்கிறேன். வாடகைக் கேமராவோடு எடுக்கும் படத்தில் பொழுதுதான் பணம். சீரியலில் அன்று காலை கைக்கு வந்த வசனத்தை அன்றே பேசிப் பழகியவர் முதல் டேக்கிலேயே காட்சியை முடித்துக் கொடுப்பார்.

இந்த வழியில் நடந்தவர்களில் எஸ்.என். லட்சுமி முக்கியமானவர். விருதுநகர் பக்கத்துச் சென்னல்குடியில் பிறந்து, நாடகக் குழுக்களில் வளர்ந்து, சினிமாவுக்குப் போனார். தேனிப் பக்கத்துக் கதையான ‘விருமாண்டி’யில் (2004) பாட்டியாக வந்தார். 2012-இல் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். சீரியலிலும் டப்பிங்கிலும் நெடுங்காலம் உழைத்த ஸ்ரீலேகா ராஜேந்திரனுக்கு, ‘செத்தும் ஆயிரம் பொன்’ (2020) என்ற சிறிய படம் ஒப்பாரி பாடும் கிழவியின் முழு வேடத்தையே தந்தது.

அப்பா காலத்து நாடக நோட்டீஸில் பெரிய வேடம், சின்ன வேடம் என்ற பேதமில்லாமல் நடிகர்களின் போட்டோ இருக்கும். கீழே பெயரும் ஊரும் இருக்கும். யார் எந்த ஊரிலிருந்து வந்து நடித்தார்கள் என்பதற்கு அந்த நோட்டீஸ்தான் எங்களுக்குச் சாசனம். சினிமாவில் ஒரு காட்சிக்கு வந்தவர்களின் பெயர் டைட்டிலில் பலநேரம் ஏறுவதே இல்லை. பெயர் ஏறாவிட்டால் இருபது வருஷத்தில் அந்த உழைப்புக்குச் சாட்சி இருக்காது.

எங்கள் பெரியகுளத்து வராக நதிக்கரைக்குப் படமெடுக்க வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: ஒரு காட்சிக்கு வந்து போகும் அந்த மூத்த அம்மாவின் சம்பளத்தைப் பொழுது சாயுமுன் கொடுங்கள், டைட்டிலில் அவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே போடுங்கள்.