இரண்டாம் டிகாக்‌ஷன்

காப்பியின் சமூக வரலாறு தமிழில் எழுதப்பட்டுவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையைப் படித்தவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காப்பி எவ்வாறு தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, தேநீர் எவ்வாறு உழைப்பாளர் பக்கம் சென்றது என்பதை அறிவார்கள். சாதியும் வர்க்கமும் அங்கே துலக்கமாகத் தெரிகின்றன. ஒரே வீட்டுக்குள், ஒரே பாத்திரத்திலிருந்து யாருக்கு எந்தக் காப்பி கிடைத்தது என்பது தனியே கேட்கவேண்டிய கேள்வி. அறுபதைக் கடந்த பெண்களின் எலும்பைப் பற்றிப் பேசப் புகுந்தால் அதைத் தவிர்க்க முடியாது.

காப்பிக்கு முன் காலையில் என்ன குடித்தார்கள்? பழைய சோற்றின் நீராகாரம், ஊருக்கு ஏற்பக் கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுக் கூழ், வெயிலேறினால் மோர். இவற்றுள் எலும்புக்கு நெருக்கமானது கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. தானியத்திலுள்ள ஃபைடிக் அமிலம் அச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்றாலும், மாவைக் கரைத்து இரவில் புளிக்கவைக்கும்போது அத்தடை ஓரளவு தளர்கிறது. இதைக்கொண்டு ஒரு பொற்காலத்தைக் கட்டிவிடலாகாது. 1876–78-இன் தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட நாடு இது. கூழ் குடித்தவர்கள் வயிறாரக் குடித்தார்களா என்பது வேறு விஷயம்.

காப்பி வந்தபோது தன்னோடு ஒரு பரிமாறும் முறையையும் கொண்டுவந்தது. முதல் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாய்ப் பாலோடு கலந்து வீட்டு ஆண்களுக்கும் விருந்தினருக்கும் போகும். அதே பொடியின்மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியது இரண்டாம் டிகாக்‌ஷன். அடுக்களையில் நின்றவர்களுக்கு அதுதான். பால் மிஞ்சினால் பால். இல்லையென்றால் பெயருக்கு ஒரு சொட்டு. தென்மாவட்டங்களில் கருப்பட்டி போட்ட வரக்காப்பி. அதில் பாலின் பேச்சே இல்லை. விரத நாளில் சோறு கூடாது, காப்பி குடிக்கலாம் என்ற சலுகை பல வீடுகளில் உண்டு. ஒருவேளை மட்டுமே சோறுண்ண வேண்டும் என்று விதிக்கப்பட்ட கைம்பெண்களுக்கு இந்தச் சலுகை எவ்வளவு பெரிது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பசியை அடக்கத் தெரிந்த பானம் அது.

மருத்துவ ஆய்வுகள் இந்த இடத்தில்தான் நமக்குப் பயன்படுகின்றன. காஃபீன் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் என்பது பழைய குற்றச்சாட்டு. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹீனியின் கணக்குப்படி, ஒரு கோப்பைக் காப்பியால் நேரும் இழப்பு சுமார் 5 மில்லிகிராம்; ஓரிரு மேசைக்கரண்டிப் பால் அதை ஈடுகட்டிவிடும். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ பெர்னார்டோவில் மாதவிடாய் நின்ற 980 பெண்களை ஆராய்ந்த கட்டுரை 1994-இல் வெளியானது. வாழ்நாள் முழுதும் காப்பி குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. ஆனால் அவர்களுள் நாள்தோறும் ஒரு தம்ளராவது பால் குடித்து வந்தவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. எங்கோ ஓர் அமெரிக்க ஊரைப் பற்றிய இம்முடிவை நம் அடுக்களை வாசலில் வைத்துப் படித்தால் அதற்கு வேறொரு பொருள் வருகிறது. காப்பியைக் காட்டிலும், அதில் யாருக்குப் பால் விழவில்லை என்பதே விசாரிக்கத்தக்கது.

2025-இல் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 10,000 அமெரிக்க மூதாட்டியரின் பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். தேநீர் குடித்தவர்களின் இடுப்பெலும்பு மிகச் சிறிதளவே அடர்த்தி கூடியிருந்தது. உடல் பருத்தவர்களிடம் அந்நன்மை சற்று மிகுதி. காப்பி அளவோடு இருந்தால் கேடில்லை. நாளுக்கு ஐந்து கோப்பையைத் தாண்டினால் அடர்த்தி குறையக்கூடும். நம் டவரா-தம்ளர் அவர்களுடைய கோப்பையைவிடச் சிறியது என்பதால் காப்பிப் பிரியர்கள் ஆறுதல் அடையலாம்.

1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி பாலைப் பெருக்கிற்று. கூடவே கவனிக்கப்படாத ஒன்றும் நடந்தது. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய மோர் முன்பு விலையற்ற பொருள், கேட்டவருக்கு ஊற்றுவார்கள். கறந்த பால் அப்படியே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகத் தொடங்கியதும் கடைவது குறைந்தது. மாட்டைப் பராமரித்த பெண்ணின் கையில் காசு வந்தது, அவள் வீட்டு மோர்ப்பானை காலியாயிற்று. அந்தக் காசு அவளிடமே தங்கியிருந்தால் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

இனி உடல் எடை. இதிலும் பழி சர்க்கரையைச் சேரவேண்டும், காப்பியை அன்று. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 10 கிராம், 40 கலோரி. நான்கு வேளைக்கு 160. மெலிந்த மூதாட்டிக்கு எலும்பு முறியும் ஆபத்து மிகுதி என்பதும், பருத்த உடல் எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் என்பதும் மெய்யே. ஆனால் பருமனோடு நீரிழிவு சேர்ந்துவிட்டால், எலும்பு அடர்த்தியாகத் தெரிந்தாலும் எளிதில் முறிகிறது. பாட்டி மெலிந்து முறிந்தாள் என்றால், பேத்தி பருத்தும் முறிகிறாள்.

ஒரு குடும்பம் மாதம் எத்தனை லிட்டர் பால் வாங்கிற்று என்பதைத் தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுக் கணக்கெடுப்புகள் சொல்லும். அதில் மாமியாருக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு என்று அவை சொல்வதில்லை. வீட்டில் எண்பது வயதுப் பெண்மணி இருக்கும் வாசகர்கள் கேட்டு எழுதிவைக்கலாம்: கல்யாணமாகி வந்த புதிதில் காலையில் என்ன குடித்தீர்கள், யார் யார் குடித்த பிறகு, அதில் பால் இருந்ததா?