புளோரிடாவின் வருமான வரித் தடை

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் உள்ள புளோரிடா மாநிலம் தன் மக்களிடம் வருமான வரி வாங்குவதில்லை. வாங்க நினைத்தாலும் எளிதில் இயலாது. 1924 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் அதற்குத் தடை விதித்தது. வரியில்லை என்று சொல்லி மக்களைக் குடியேற அழைக்க முடியுமா என்ற கேள்விக்கு இத்திருத்தம் ஒரு நூறாண்டுச் சோதனை.

இந்தியாவில் சம்பளத்துக்கான வருமான வரியை நடுவண் அரசே விதிக்கிறது. சென்னையிலும் பாட்னாவிலும் விகிதம் ஒன்றே. அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்கள் தமக்கென்று தனியாக ஒரு வருமான வரி வாங்குகின்றன. 1911-இல் விஸ்கான்சின் இதைச் செம்மையாக நடத்திக் காட்டியது. 1919-இல் நியூயார்க் பின்பற்றியது. புளோரிடா எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே அப்போது நில வியாபாரம் சூடுபிடித்திருந்த காலம். வடக்கின் குளிருக்கு அஞ்சி விருந்தாளியாக வந்துபோன செல்வர்களை நிரந்தரக் குடிகளாக்குவதே நோக்கம். ஆகவே வாரிசுரிமை வரியையும் சேர்த்தே தடை செய்தார்கள். இருக்கும்போதும் வரியில்லை, இறந்த பிறகும் வரியில்லை!

மற்ற மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. 1926-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. இறந்தவர் சொத்து மீது நடுவண் அரசு விதிக்கும் வரியில், மாநிலத்துக்குச் செலுத்திய வாரிசுரிமை வரியை 80 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். நடுவண் வரி 100 டாலர் என்றால், பிற மாநிலத்தவர் 80 டாலர் வரை தம் மாநிலத்துக்குக் கட்டி, மீதியை வாஷிங்டனுக்குக் கட்டினார். புளோரிடாக்காரர் 100 டாலரையும் வாஷிங்டனுக்கே கட்டினார். சலுகை மறைந்துபோயிற்று. நிதிச் செயலர் ஆண்ட்ரூ மெலனுக்கு எதிராகப் புளோரிடா உச்ச நீதிமன்றம் சென்று, 1927-இல் தோற்றது. நடுவண் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே சீராக இருந்தால் போதும் என்றது தீர்ப்பு. 1930-இல் புளோரிடாவே இறங்கிவந்து, அந்தக் கழிவின் அளவுக்கு வாரிசுரிமை வரி வாங்க வழி செய்துகொண்டது. வருமான வரித் தடை மட்டும் நிலைத்தது.

அது மக்களைக் கொண்டுவந்ததா? 1920-இல் 9,68,470 ஆக இருந்த மக்கள்தொகை 1930-இல் 14,68,211 ஆனது. ஆனால் 1926-இல் நில வியாபாரம் சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மயாமியைப் பெரும்புயலும் தாக்கியது. சட்டம் மாறவில்லை, வருகை தளர்ந்தது. 1940-இல் 18,97,414 பேர்தான். பெரும் பாய்ச்சல் 1950-களில் வந்தது: 27,71,305 பேர் பத்தாண்டில் 49,51,560 ஆனார்கள். வீடுகளுக்குள் குளிரூட்டி வந்ததும், 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதியோருக்கு ஓய்வூதியம் கிடைத்ததும் இதற்குப் பெரிதும் உதவின. புழுக்கத்தில் உறங்க முடியாத ஊருக்கு வரிச்சலுகை மட்டும் ஆளைக் கூட்டிவராது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுவோரைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஆண்டுக்கு 2.4 விழுக்காட்டினரே மாநிலம் மாறுகிறார்கள். பொதுமக்களில் இது 2.9 விழுக்காடு. தொழிலும் குடும்பமும் பழகிய வட்டாரமும் பணக்காரரையும் கட்டிப்போடுகின்றன. வரிக்காக மாறியவர்களும் பெரும்பாலும் புளோரிடாவுக்கே போனார்கள். வருமான வரியே இல்லாத டெக்சாஸுக்கு அந்த ஈர்ப்பு இல்லை. கடற்கரைக்கும் வெயிலுக்கும் இதில் பங்குண்டு என்றே கொள்ள வேண்டும். ஆயினும் மிகப் பெரிய செல்வர் ஒருவர் போனாலே கணக்கு ஆட்டம் காணும். டேவிட் டெப்பர் என்ற முதலீட்டாளர் நியூ ஜெர்சியை விட்டுப் புளோரிடாவுக்குப் போனபோது, வருவாய் மதிப்பீடு தவறக்கூடும் என்று 2016-இல் அம்மாநிலச் சட்டமன்றத்தில் எச்சரிக்கை எழுந்தது. நியூயார்க்கில் வீடு வைத்துக்கொண்டு 183 நாளுக்கு மேல் அங்கே தங்குபவர் அம்மாநிலவாசியாகவே வரி கட்ட வேண்டும் என்பதால், இரு வீட்டுக்காரர்கள் நாட்களை எண்ணிக் குறித்து வைக்கிறார்கள்.

வருமான வரி இல்லாத அரசும் பள்ளியும் சாலையும் நடத்தத்தானே வேண்டும்? 1949-இல் புளோரிடா 3 விழுக்காடு விற்பனை வரி கொண்டுவந்தது. 1988-இல் அது 6 ஆனது. மளிகைக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. செருப்பு, சோப்பு, பழைய கார் எதற்கும் இல்லை. சம்பளம் முழுவதையும் கடையிலேயே கொடுத்துத் தீர்க்கும் விடுதிப் பணியாளர், தம் வருமானத்தில் மாளிகைக்காரரைவிடப் பெரிய பங்கை இந்த வரியாகக் கட்டுகிறார்.